ஆற்றுத் தண்ணீர் ஊற்றிய சாக்லேட்

கோமதி மதினி! உங்கள் மூக்கு நுனியில் சாக்லேட் ஒட்டியிருக்கிறது.

இதை நான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் துடைத்துவிடுவீர்களே என்று சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்த மூக்கோடுதான் பால்காரரிடம் பால் வாங்கினீர்கள். அந்த மூக்கோடுதான் பக்கத்து வீட்டு டீச்சரிடம் அரைமணி நேரம் நின்று பேசினீர்கள். அந்த டீச்சரும் சொல்லவில்லை பாருங்கள்! நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன்.

அப்புறம் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து என் முதுகில் ஒன்று வைத்தீர்கள். "ஏட்டி குளோரி, நீயெல்லாம் ஒரு நாத்தனாரா? சொல்லப்பிடாதா?"

அடுப்படித் தரையில் ஒரு முழ வாழைத்தண்டு படுத்துக் கிடந்தது. அதில் வரிசையாக ஈர்க்குச்சி குத்தியிருந்தது. ஒவ்வொரு குச்சியின் தலையிலும் ஒரு கறுப்பு உருண்டை. உள்ளே கேக், மேலே சாக்லேட். மொத்தம் இருபத்திரண்டு.

நீங்கள் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து சொன்னீர்கள். "எங்கப்பா இதுல ஒண்ணு தின்னுட்டா போதும்ட்டி. ஒண்ணே ஒண்ணு."

அந்த ஒன்றுக்காகத்தான் அவ்வளவும்.

மதினி யார்?

போன வாரம் படிக்காதவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். கோமதி மதினி என் அண்ணன் பொண்டாட்டி. நாங்கள் பாளையங்கோட்டையில் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயில், மற்ற நாளெல்லாம் மீன் குழம்பு. மதினி திருநெல்வேலி டவுணில் சைவக் குடும்பம். முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் சொல்ல மாட்டார்களாம். "வெள்ளைக்காய்" என்பார்களாம். எனக்கு அது கேட்ட நாள் முதல் முட்டையைப் பார்த்தாலே சிரிப்பு.

மதினியின் அப்பாவுக்கு ரதவீதிப் பக்கம் சின்னதாக ஒரு அல்வாக் கடை. எங்கள் அண்ணன் டிரில் வாத்தியார். அல்வா வாங்கப் போனவன் அல்வாவோடு திரும்பவில்லை. இதுதான் போன வாரக் கதை.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. மறுநாள் மதினி டவுணுக்குப் போய்க் கடை வாசலில் நின்றிருக்கிறாள். அவள் அப்பா கிண்டுகிற கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னாராம்.

"இனிமே ஒன் கையால ஒரு வாய் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். போ."

மதினிக்கு அம்மா இல்லை. சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். அப்பாதான் தலை பின்னி, சடை மடித்துக் கட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பியவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. மதினி அழுது நான் பார்த்ததில்லை. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், கேட்கும் முன்னே ஒரு செம்பு தண்ணீரை நீட்டுவாள். குடித்து முடிக்கும்வரை அவர்கள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எனக்கு அது ஏன் என்று புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. நான் எட்டாவதோடு நின்றவள். எனக்கு எல்லாமே கொஞ்சம் மெதுவாகத்தான் புரியும்.

அம்மா அல்வா வாங்கப் போனாள்

இரண்டு வருஷம் ஓடியது. பாப்பா பிறந்தாள். பேர் வைப்பதில் சண்டை. எங்கள் அம்மா ரூத் என்றாள். மதினி தன் அம்மா பேரான காந்திமதி என்றாள். ரூத் காந்திமதி என்று பதிந்துவிட்டு, எல்லாரும் பாப்பா என்று கூப்பிட்டோம்.

பாப்பாவின் முதல் பிறந்தநாளுக்குப் பத்து நாள் இருக்கும்போது அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு டவுண் பஸ் ஏறினாள். யாரிடமும் சொல்லவில்லை. நேரே அந்தக் கடைக்குப் போய்க் கால் கிலோ அல்வா கேட்டிருக்கிறாள். அவர் நிறுக்கும்போது சொல்லியிருக்கிறாள்.

"அண்ணாச்சி, ஒங்க பேத்திக்கு வார ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயித்துக்கிழம பொறந்தநாளு. நாலு மணிக்கு. நான் ஒண்ணும் கெஞ்ச வரல. சொல்லணும்னு தோணுச்சு, சொல்லிட்டேன்."

அவர் பொட்டலத்தைக் கட்டிக் கொடுத்தார். வீட்டில் வந்து பிரித்தால் அரைக் கிலோவுக்கு மேல் இருந்தது.

அம்மா கையை ஆட்டிச் சொன்னாள். "மனுசன் வருவாரு. தராசு சொல்லிட்டு."

மதினி அந்த அல்வாவைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அம்மா மீனை நிறுத்தினாள். சட்டிகளையெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்த்துப் பரணில் ஏற்றினாள். மூன்றாம் நாளே புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ கோமதி, ஒங்கப்பாவுக்காக நான் கத்தரிக்காயாத் தின்னுட்டுக் கெடக்கேன். அவரு மட்டும் வராம இருக்கட்டும், கடையில போயி மீன் சட்டியோட உக்காந்திருவேன்."

"வராட்டா நானும் ஒங்ககூட வந்து உக்காருதேன் அத்தை" என்றாள் மதினி.

அல்வாக் கடைக்காரருக்கு அல்வா பிடிக்காது

வந்தால் என்ன கொடுப்பது? அம்மா கேசரி என்றாள். அண்ணன் முறுக்கு என்றான். மதினி தலையை ஆட்டிவிட்டு ஒரு ரகசியம் சொன்னாள். அன்றுவரை யாருக்கும் சொல்லாதது.

அவள் அப்பாவுக்கு அல்வாவே பிடிக்காதாம். பதம் பார்க்க நாக்கில் வைத்துவிட்டு, அப்புறம் ஒரு வாய் மோர் குடிப்பாராம். அவருக்கு உயிர் சாக்லேட்.

மதினி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஜங்ஷனுக்குச் சாமான் வாங்கக் கூட்டிப்போவார். திரும்பும்போது ஒரு சாக்லேட் வாங்கிக்கொண்டு டவுண் பஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்வார்கள். ஆளுக்குப் பாதி. தின்று முடித்ததும் தாளைக் கசக்கிச் சன்னல் வழியே வெளியே போட்டுவிடுவார்.

மதினி அவரைப் போலவே குரலை இறக்கிச் சொல்லிக் காட்டினாள். "'ஏட்டி, வெளிய சொல்லிறாத. அல்வாக் கடைக்காரன் மிட்டாயி திங்கான்னு தெரிஞ்சா எவம்ட்டி நம்ம கடைக்கு வருவான்?'"

அதனால் சாக்லேட்தான் என்று முடிவாயிற்று. ஒரு மாதப் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில், குச்சியில் குத்தின கேக் உருண்டை படம் போட்டிருந்தது. மதினி அதைக் கிழித்து அரிசிப் பானையில் ஒளித்து வைத்திருந்தாள்.

சாக்லேட் எங்கே கிடைக்கும்? அண்ணனின் கூட்டுக்காரன் ஒருவன் துபாயிலிருந்து லீவில் வந்திருந்தான். எல்லாருக்கும் சென்ட் பாட்டில் கொடுத்தவன், அண்ணனுக்கு மட்டும் ஒரு பெரிய சாக்லேட் பாளம் கொடுத்தான். செங்கல் அளவு, செங்கல் கனம். அண்ணன் முதலில் கடித்துப் பார்த்துப் பல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். கடைசியில் அம்மிக் குழவியால் அடித்துத்தான் உடைத்தோம்.

குக்கரில் ஒரு பள்ளம்

சனிக்கிழமை காலையில் வேலையைத் தொடங்கினோம்.

முட்டை போடாத கேக். டின் பால், மைதா, சோடா மாவு, நெய். மாவு கலக்கப் புதுப் பாத்திரம் வாங்கினோம். பழைய பாத்திரத்தில் எந்தக் காலத்து முட்டை வாடை இருக்கிறதோ என்று மதினிக்குப் பயம். குக்கரில் ஆற்று மணலைப் பரப்பி, அதன்மேல் தட்டை வைத்து, வெயிட் போடாமல் மூடினோம். வாசம் நன்றாகத்தான் வந்தது. ஆனால் திறந்து பார்த்தால் நடுவில் குழி. எடுத்தால் உதிருகிறது.

"கேக்கு எங்கட்டி?" என்று எட்டிப் பார்த்தாள் அம்மா.

"பிட்டு அவிச்சிருக்கோம்மா" என்றேன்.

மதினி மட்டும் அசரவில்லை. உதிர்ந்ததையெல்லாம் தாம்பாளத்தில் கொட்டி, மிச்சமிருந்த டின் பாலை ஊற்றிப் பிசைந்தாள். அப்புறம் பார்க்க வேண்டுமே! கை வேகம் அப்படி. லட்டுப் பிடிக்கிற மாதிரி, ஒரே அளவாக, ஒன்றன் பின் ஒன்றாக உருண்டை விழுகிறது. கடைக்காரர் மகள் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் பிடித்த உருண்டைகளைப் பார்த்துவிட்டு, "இத அண்ணனுக்கு வச்சிரு" என்று தனியே தள்ளினாள்.

ஈர்க்குச்சிக்கு ஒரு புது வாரியலைப் பிரித்துக் கழுவினோம். வாழைத்தண்டு, பின்பக்கம் குலை வெட்டின மரத்தில் எடுத்தது. குச்சி குத்தினால் ஆடாமல் நிற்கும்.

இரண்டு கரண்டித் தண்ணீர்

இனிமேல்தான் தப்பு நடந்தது.

கொதிக்கிற தண்ணீர்ச் சட்டியின் மேல் கிண்ணத்தை வைத்துச் சாக்லேட்டை உருக்கினோம். அது கருகருவென்று பட்டுத்துணி மாதிரி மின்னியது. நானும் பாப்பாவும் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம்.

மதினி கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். "கெட்டியா இருக்கு. கொஞ்சம் தண்ணி விடணும்."

நான் தடுத்திருக்கலாம். ஆனால் எனக்கே என்ன தெரியும்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அல்வா ருசிக்குக் காரணம் தாமிரபரணித் தண்ணீர் என்றுதானே சொல்வார்கள். மதினி அப்படிச் சொல்லிச் சொல்லி வளர்ந்த வீட்டுப் பிள்ளை. நெய் என்ன, கோதுமை என்ன, கை என்ன, எல்லாம் தண்ணீருக்கு அப்புறம்தான் என்பார் அவள் அப்பா. குழாயில் வருவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தான் என்று யாராவது சொன்னால், குழாயில் வந்தாலே அதற்குக் கோபம் வந்துவிடும் என்பாராம். அதனால் அன்று காலையிலேயே அண்ணனைச் சைக்கிளில் ஆற்றுக்கு அனுப்பித் தூக்குவாளி நிறையத் தண்ணீர் கொண்டுவரச் செய்திருந்தாள் மதினி. அப்பா வந்தால் குடிக்கக் கொடுக்க. அவர் குடிக்க மாட்டார் என்று தெரிந்தும்.

அந்தத் தூக்குவாளியிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு, சாக்லேட்டில் ஊற்றினாள்.

அவ்வளவுதான். பட்டு மாதிரி இருந்தது அப்படியே சுருங்கிப் பொருபொருவென்று கட்டி தட்டிவிட்டது. கரண்டி நட்டுக்கொண்டு நிற்கிறது!

"மதினி, ரோடு போடப் போறியளா?"

மதினி சிரிக்கவில்லை. முதல்முறையாக அவள் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தேன். துபாய்ச் சாக்லேட் மொத்தமும் அந்தக் கிண்ணத்தில்தான். நாளைக்கு நாலு மணிக்கு அவர் வருகிறார். வேறு சாக்லேட்டுக்கு எங்கே போவது?

அண்ணன் கழுத்தில் விசிலோடு எட்டிப் பார்த்தான். "கடையில மிட்டாய் வாங்கிட்டு வரட்டுமா?"

"கடை மிட்டாயி அவரே வாங்கித் திம்பாரு. நான் செஞ்சதத் திங்கணும்" என்றாள் மதினி.

கொஞ்ச நேரம் அந்தக் கட்டியைக் கரண்டியால் குத்திக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று எழுந்து, சேலையை இடுப்பில் செருகினாள்.

"ஏட்டி, அந்தக் கனமான உருளிய எடு. சீனி எங்க? நெய் எங்க?"

"என்ன செய்யப் போறிய?"

"எனக்குத் தெரிஞ்சதச் செய்யப் போறேன். கிண்டப் போறேன்."

கட்டியை உருளியில் கொட்டினாள். இரண்டு கரண்டியில் கெட்டது ஒரு டம்ளரில் கெடுமா என்று இன்னும் தண்ணீர் ஊற்றினாள். கட்டி கரைந்தது! சீனி போட்டாள். நெய் விட்டாள். அடுப்பைப் பைய எரியவிட்டு, ஒரே பக்கமாகக் கிண்டினாள். நான் மாற்றிவிடுகிறேன் என்றேன். விடவில்லை. வேர்த்து ஊற்றியது. அப்போதுதான் முடியை ஒதுக்கப் போய் மூக்கில் தீற்றிக்கொண்டாள்.

சட்டி ஓரத்தில் ஒட்டாமல் விட்டு வந்ததும், இறக்கிவைத்து உருண்டைகளைச் சுடச்சுட முக்கினோம். முதல் நாலு உருண்டை குச்சியைவிட்டு நழுவிச் சாக்லேட்டுக்குள் விழுந்தது. விழுந்ததையெல்லாம் அண்ணன் பார்த்துக்கொண்டான். பிறகு குச்சி நுனியைச் சாக்லேட்டில் தொட்டுக் குத்தினோம். நின்றது. ஆறினதும் மேலே மெல்லிசாக ஓடு கட்டியது. மழைக்கால ஈரத்திலும் ஒழுகவில்லை. விரலில் ஒட்டவில்லை.

அண்ணன் அஞ்சாவதைத் தின்றுகொண்டே, "இது சாக்லேட்டா அல்வாவா?" என்றான்.

"வாய மூடிட்டுத் தின்னுங்க" என்றாள் மதினி.

சன்னல்

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆயிற்று. அவர் வரவில்லை. நாலரை. வரவில்லை. பாப்பா தூங்கி விழ ஆரம்பித்தாள். அம்மா பரண் மேல் இருக்கும் மீன் சட்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

அஞ்சு மணிக்குக் கேட் பக்கம் ஒரு குடை தெரிந்தது. மழை இல்லை, வெயிலும் இல்லை. குடை மட்டும் விரித்திருந்தது. முகத்தை மறைக்கத்தான்.

"வாங்க அண்ணாச்சி, உள்ள வாங்க" என்று அம்மா ஓடினாள். மதினி அடுப்படிக்குள் போய்க் கதவை ஒருக்களித்துக்கொண்டாள்.

மதினியின் அப்பா, எனக்கு மாமா, நாற்காலியில் உட்காரவில்லை. அம்மா தன் கல்யாணத்துக்கு வந்த பத்தமடைப் பாயை எடுத்துச் சன்னல் ஓரமாக விரித்தாள். உட்கார்ந்தார். பாப்பாவைப் பார்த்தார். பாப்பா அவர் குடையைப் பார்த்தாள்.

"காப்பி குடிக்கியளா?"

"வேண்டாம்மா."

"தண்ணியாவது..."

"இப்பத்தான் குடிச்சேன்."

அடுப்படிக் கதவு லேசாக அசைந்தது. எனக்கு மட்டும் தெரிந்தது.

நான் வாழைத்தண்டை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

"என்ன தாயி இது, சப்பரம் மாதிரி தூக்கிட்டு வார?"

"சாக்லேட்டு மாமா. உள்ள கேக்கு. முட்டை... வெள்ளைக்காய் கிடையாது."

அவர் சடக்கென்று நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உதட்டோரம் ஏதோ ஓடியது. வாசலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். பிறகு ஒரு குச்சியை எடுத்து உருண்டையை முழுசாக வாயில் போட்டுக்கொண்டார்.

மென்றார். கண்ணை மூடி மென்றார். பதம் பார்க்கிறவர் அப்படித்தான் மெல்லுவார் போல.

அடுப்படிக் கதவைப் பார்த்துக் கேட்டார். "இதுல தண்ணி ஊத்தினது யாரு?"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாந்தாம்ப்பா. தெரியாம ஊத்திட்டேன்."

"குழாத் தண்ணியா, ஆத்துத் தண்ணியா?"

"ஆத்துத் தண்ணி."

"அதான் பாத்தேன்."

இன்னொன்று எடுத்தார். அதையும் தின்றார். தின்று முடித்து, கையிலிருந்த இரண்டு ஈர்க்குச்சியையும் தலையைத் திருப்பாமலே சன்னல் வழியாக வெளியே எறிந்தார்.

உள்ளே மதினி சிரித்தாள். சிரித்ததா அழுததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது.

மாமா தொண்டையைச் செருமினார். "இனிப்புத் தின்னா தாகம் எடுக்கும்லா. ஒரு செம்பு தண்ணி கொண்டா, கோமதி."

மதினி தூக்குவாளியையே தூக்கிக்கொண்டு வந்தாள். அம்மா ஓடிப்போய் அடுப்படியில் நின்றுகொண்டாள், மூக்கைச் சிந்த.

அப்புறம்

அதற்குப் பிறகு மாமா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தார். கடை அல்வாவை எங்களுக்குக் கொடுத்துவிட்டு, இங்கே சாக்லேட் தின்றுவிட்டுப் போவார். சன்னலுக்கு வெளியே ஈர்க்குச்சி குவிந்து கிடக்கும். பெருக்குவது நான்தான்.

மதினி போய் இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை. மஞ்சள் காமாலை. பத்துப் பன்னிரண்டு நாள்தான். அதை எழுத எனக்குக் கை ஓடவில்லை. ஒன்று மட்டும் எழுதுகிறேன். கடைசியாகக் கண் திறந்த அன்றைக்கு மாமா அந்தத் தூக்குவாளியோடு வந்தார். ஒரு கரண்டி எடுத்து மதினி வாயில் விட்டார். மதினி மெதுவாக முழுங்கிவிட்டு, "ஆத்துத் தண்ணியாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அதான் பாத்தேன்" என்றாள்.

போன மாதம் பாப்பாவுக்கு மூன்று வயது முடிந்தது. மாமா கடையை அடைத்துவிட்டு, வாழைத்தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கிண்டியது அவர். உருண்டை பிடித்தது நான். இன்னும் எனக்கு ஒரே அளவாக வரவில்லை. பாப்பாவுக்கு மூக்கெல்லாம் சாக்லேட்.

இதைப் படிக்கிற அக்காமாரே, அண்ணாச்சிமாரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எங்கள் மதினி கோயிலில் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவாள். டவுணுக்குப் போனால் அம்மன் சந்நிதியில் கண்ணை மூடி நிற்பாள். அதனால் நீங்கள் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரிதான். இன்றைக்குக் கும்பிடும்போது கோமதி என்று பேர் சொல்லி, அவள் தாகமில்லாமல் இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை ஜெபம் பண்ணுங்கள்.